ஒரு ரிலீஃப் பிட்சரின் ஆட்ட வாழ்க்கையை எண்களிலிருந்து வாசிப்பது எப்படி

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கிவைத்த பிட்சர் (ஸ்டார்ட்டர்) களைத்தோ, அடி வாங்கியோ விலகும்போது அவருக்குப் பின் வந்து பந்தெறிபவரை ரிலீஃப் பிட்சர் என்கிறோம். அவருடைய பதினைந்து ஆண்டு உழைப்பும் ஒரே அட்டவணைக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த அட்டவணையின் பெரும்பகுதி ஸ்டார்ட்டர்களை அளப்பதற்காக உருவானது என்பதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது பாதி உண்மையையே காட்டும். சேவ், அதாவது அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்துக்கொடுத்த ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், இவர் எந்த நிலையில் ஆட்டத்துக்குள் அழைக்கப்பட்டார் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிரலையும் அணுகும்படி பரிந்துரைக்கிறேன்.

முதலில் ஆடிய ஆட்டங்கள், தொடங்கிய ஆட்டங்கள், முடித்த ஆட்டங்கள், எறிந்த இன்னிங்ஸ் (ஒவ்வோர் அணியும் மூன்று அவுட் ஆகும்வரை பேட் செய்யும் சுற்று; ஓர் ஆட்டத்தில் ஒன்பது) ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் ஆண்டில் 65 ஆட்டங்களும் 65 இன்னிங்ஸும் இருந்தால், அவர் ஒருமுறைக்கு ஓர் இன்னிங்ஸ் என்ற இன்றைய வழக்கப்படி ஆடியவர். முடித்த ஆட்டங்களும் அதிகமாக இருந்தால் அவர் க்ளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸைக் காப்பவர். ஆட்டங்களைவிட இன்னிங்ஸ் வெகுவாகக் குறைந்தால், ஓரிரு பேட்டர்களுக்காக மட்டும் அழைக்கப்பட்டவர் என்று கொள்ளலாம். 1252 ஆட்டங்கள் ஆடி எல்லாக் காலத்துக்குமான சாதனையை வைத்திருக்கும் இடக்கை பிட்சர் ஜெசி ஒராஸ்கோவின் கடைசி ஆண்டுகள் இதற்கு நல்ல உதாரணம். 2020 முதல் பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களையாவது சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடித்துவைக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், அத்தகைய வாழ்க்கை இனி அமைவது அரிது. இன்னிங்ஸ் நிரலில் 60.1 என்றிருந்தால் அது தசமம் அன்று. அறுபது இன்னிங்ஸும் ஓர் அவுட்டும் என்று பொருள்.

அடுத்து சேவ். பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் முன்வைத்த இந்த அளவீடு 1969-இல் அதிகாரப்பூர்வமானது. வென்ற அணிக்காகக் கடைசியாகப் பந்தெறிந்தவர், வெற்றி தன் கணக்கில் சேராதவராக இருந்து, மூன்று வழிகளில் ஒன்றை நிறைவேற்றினால் சேவ் கிடைக்கும். மூன்று ரன்களுக்கு மிகாத முன்னிலையில் நுழைந்து ஓர் இன்னிங்ஸாவது எறிய வேண்டும். அல்லது சமன் செய்யும் ரன் பேஸிலோ (ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய இடங்களில் ஒன்றிலோ), பேட்டிலோ, அடுத்துக் காத்திருப்பவரிடமோ இருக்கும்போது நுழைய வேண்டும். அல்லது கடைசி மூன்று இன்னிங்ஸையாவது எறிய வேண்டும். மூன்று ரன் முன்னிலையோடு, பேஸ்கள் காலியாக இருக்கும் ஒன்பதாம் இன்னிங்ஸைத் தொடங்குபவரும், ஒரே ரன் முன்னிலையில் மூன்று பேஸ்களும் நிரம்பியிருக்கையில் நுழைபவரும் பெறுவது ஒரே ஒரு சேவ்தான். இரண்டு வேலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எண்ணிக்கை மறைத்துவிடுகிறது. எனவே சேவை மட்டும் எண்ணாமல், தவறவிட்ட சேவ்களையும் அருகில் வைத்துப் பாருங்கள். க்ளோசர் எரிக் கான்யே 2003-இல் 55 வாய்ப்புகளில் 55-ஐயும் காத்தார் என்பது வெறும் 55 என்பதைவிட மிகப் பெரிய செய்தி.

க்ளோசருக்கு முந்தைய இன்னிங்ஸ்களை எறிபவருக்குச் சேவ் கிடைக்க வழியே இராது. முன்னிலையைக் குலைக்காமல் அடுத்தவரிடம் ஒப்படைத்தால் ஹோல்ட் என்று குறிப்பார்கள். ஆனால் அதற்கு அதிகாரப்பூர்வத் தகுதி இல்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மரியானோ ரிவேராவின் பக்கத்தைத் திறந்து 1996-ஆம் ஆண்டு வரியில் நின்றால் ஐந்தே ஐந்து சேவ்களைக் காண்பீர்கள், ஏனெனில் அப்போது நியூயார்க் யாங்கீஸின் க்ளோசர் ஜான் வெட்டலண்ட். அதே வரியில் 107 இன்னிங்ஸுக்கு மேலும், 130 ஸ்ட்ரைக் அவுட்டுகளும் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்குகளில் வீழ்த்தியவை), 2.09 என்ற ஈ.ஆர்.ஏ.-வும் (ரன் கொடுத்த சராசரி, அடுத்து விளக்குகிறேன்) இருக்கின்றன, அவ்வாண்டு அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்குரிய சை யங் விருதுக்கான வாக்கெடுப்பில் அவர் மூன்றாம் இடம் பெற்றார். பின்னாளில் 652 சேவ்களோடு சாதனையாளராக ஓய்வு பெற்றவரின் மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று, சேவ் நிரலில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாமல் கிடக்கிறது.

ஈ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பதைக் காட்டும் எண். ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்கள் இதில் சேரா. ரிலீஃப் பிட்சர்களைப் பொறுத்தவரை இதை மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மூன்று பேஸ்களிலும் ரன்னர்களை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் விலகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர் ஓர் அடி வாங்கி, அந்த மூவரும் ஓடிவந்து ரன் எடுத்தபின் மற்றவர்களை வீழ்த்தினால், மூன்று ரன்களும் விலகிப்போனவர் கணக்கில்தான் ஏறும். ஆட்டத்தைக் கோட்டைவிட்டவரின் ஈ.ஆர்.ஏ. பழுதின்றி இருக்கும். இதற்கு மாறாக, அதே நெருக்கடியில் மூவரையும் அசையவிடாமல் தடுத்தவருக்கு அந்த எண்ணில் தனிப் பாராட்டு எதுவும் இல்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய, முன்னவரிடமிருந்து பெற்ற ரன்னர்கள் எத்தனை பேர், அவர்களில் ரன் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்ற இரு நிரல்களைத் தேடுங்கள். விரிவான புள்ளிவிவரப் பக்கங்களில் இவை இருக்கும். ரிலீஃப் பிட்சரின் தொழில் நேர்மைக்கு இதைவிட நெருக்கமான அளவுகோல் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

ஈ.ஆர்.ஏ.-வின் இன்னொரு சிக்கல் அளவின் சிறுமை. ஓர் ஆண்டில் 60 இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்தவரின் ஈ.ஆர்.ஏ. 3.00. அவரே ஒரு மாலையில் ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஐந்து ரன் கொடுத்துவிட்டால் அது 3.73 ஆகிவிடும். ஒரே ஆட்டம் ஓர் ஆண்டின் தோற்றத்தையே மாற்றிவிடுவதால், ஒற்றை ஆண்டை வைத்து ஏற்றத்தையோ வீழ்ச்சியையோ தீர்மானிக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஸ்ட்ரைக் அவுட்டுகளையும் வாக் (walk) எண்ணிக்கையையும், அதாவது நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாக அளித்த பேஸ்களையும், ஒப்பிடுங்கள். அவை பிட்சரின் கையிலேயே பெரிதும் இருப்பவை, அதிர்ஷ்டத்துக்கு அதிகம் வளைந்துகொடுக்காதவை. 1990-இல் ஓக்லண்டுக்காக ஆடிய டென்னிஸ் எக்கர்ஸ்லியின் ஈ.ஆர்.ஏ. 0.61 என்பது வியப்புதான். ஆனால் 73 ஸ்ட்ரைக் அவுட்டுகளுக்கு எதிரே அவர் கொடுத்த வாக் நான்கே என்பதுதான் அந்த ஆண்டு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை விளக்குகிறது.

நெருக்கடியை நேரடியாகவே எண்ணாக்கும் ஓர் அளவும் உண்டு. லெவரேஜ் இண்டெக்ஸ் எனப்படும் அதில் சராசரி நிலைக்கு 1 என்று மதிப்பு. ஆட்டத்தின் முடிவு அந்தத் தருணத்தில் எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறதோ அந்த அளவுக்கு எண் கூடும். பயிற்சியாளர் அவரை எவ்வளவு நம்பினார் என்பதை இது ஆண்டுவாரியாகக் காட்டிவிடும்.

வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடும்போது அவசரம் கூடாது. 1974-இல் மைக் மார்ஷல் 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, சை யங் விருது பெற்ற முதல் ரிலீஃப் பிட்சரானார். இன்று எந்த அணியும் ஒருவரிடம் அதில் பாதியைக்கூடக் கேட்பது அரிது. பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் ரிலீஃப் பிட்சரான ஹாய்ட் வில்ஹெல்மின் ஆட்ட வாழ்க்கையில் பெரும்பகுதி, சேவ் என்ற கணக்கு அதிகாரப்பூர்வமாவதற்கு முன்பே கழிந்துவிட்டது.

இனி எண்கள் இல்லாத இடங்களைப் பாருங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். தொடங்கிய ஆட்டங்கள் சில ஆண்டுகள் இருந்து திடீரென்று பூஜ்யமானால், ஸ்டார்ட்டராக நிலைக்காமல் புல்பென்னுக்கு, அதாவது ரிலீஃப் பிட்சர்களின் வரிசைக்கு, அனுப்பப்பட்டிருக்கலாம். ரிவேரா, கான்யே, எக்கர்ஸ்லி மூவருமே முதலில் ஸ்டார்ட்டர்கள்தான். ஜான் ஸ்மோல்ட்ஸ் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சைக்குப் பின் க்ளோசராகி, 2002-இல் 55 சேவ்கள் எடுத்து, 2005-இல் மீண்டும் ஸ்டார்ட்டரானார். ஒரே ஆண்டில் மேஜர் லீக் வரியும் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக் வரியும் மாறிமாறி வந்தால், களைத்த கைக்கு மாற்றாக மேலும் கீழும் அனுப்பப்பட்டவர் என்று பொருள். அது வீரரின் வருமானத்தையே தொடும் விஷயம். மேஜர் லீக்கில் 172 நாள்கள் சேர்ந்தால்தான் ஓர் ஆண்டுச் சேவை. அப்படி ஆறு ஆண்டுகள் நிறைந்தால்தான் விரும்பிய அணியோடு பேரம் பேசும் உரிமை. 2022 முதல் ஒரு பருவத்தில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் இப்படிக் கீழே அனுப்பக் கூடாது என்ற வரம்பு வந்திருப்பது மிகவும் நியாயமானது. ஓர் ஆண்டு முழுவதும் வெறுமையாக இருந்தால் முழங்கையையோ தோளையோ சந்தேகிக்கலாம். கான்யேவின் 2005, 2006 வரிகளில் முறையே 14, 2 ஆட்டங்களே இருக்கின்றன.

வழக்கமான பருவம் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் பிந்தைய பருவ ஆட்டங்கள் தனி அட்டவணையில் இருக்கும். அதைத் தவறாமல் திறக்க வேண்டும். ரிவேரா அங்கே 141 இன்னிங்ஸில் 0.70 ஈ.ஆர்.ஏ.-வோடு 42 சேவ்கள் எடுத்தார். அதே அட்டவணையில்தான் 2001 உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தை அரிசோனாவிடம் அவர் பறிகொடுத்ததும் பதிவாகியிருக்கிறது.

பயிற்சிக்கு பில்லி வாக்னரின் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 422 சேவ்கள், 2.31 ஈ.ஆர்.ஏ., 903 இன்னிங்ஸ், 1196 ஸ்ட்ரைக் அவுட்டுகள். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஸ்ட்ரைக் அவுட் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 11.9 வரும். 2009-ஆம் ஆண்டு வரியில் 16 இன்னிங்ஸ்கூட முழுமையாக இல்லை. முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அடுத்த வரியே கடைசி வரி: 2010, அட்லாண்டா, 37 சேவ்கள், 69 இன்னிங்ஸுக்குச் சற்று மேல், 104 ஸ்ட்ரைக் அவுட்டுகள், 1.43 ஈ.ஆர்.ஏ. வீழ்ச்சி எதுவுமின்றி, தானாகவே விலகிப்போன ஒருவரின் வரி அது. இன்னிங்ஸ் குறைவு என்ற தயக்கத்தைக் கடந்து ஹால் ஆஃப் ஃபேம் வாக்காளர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தது, பட்டியலில் அவருக்கிருந்த பத்தாவதும் இறுதியுமான வாய்ப்பில், 2025-இல்.