குளிர்நாட்டு அறையில் நம்மூர்ச் செடி: செய்யக்கூடாதவை

மான்செஸ்டரிலோ டப்ளினிலோ படிக்கும் பிள்ளை, மணி பிளாண்டின் மஞ்சள் இலையைப் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறது. மலேசியாவின் செந்தூலிலிருந்தோ பட்டர்வொர்த்திலிருந்தோ போகும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தண்ணி ஊத்தும்மா." நம் வீட்டு வாசலில் இது சரியான யோசனை. அங்கே நவம்பர் மாதத்தில் இதைச் செய்தால் செடி போய்விடும்.

குளிர் என்றதும் நமக்குக் கேமரன் மலை ஞாபகம் வரும். அங்கே இரவில் போர்வை வேண்டும் என்றாலும் பகல் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. மான்செஸ்டரில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏழரை மணி நேரம்தான். உச்சிவேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 13 டிகிரிக்கு மேல் ஏறாது. கோலாலம்பூரிலோ ஆண்டின் எந்த நாளிலும் நடுப்பகல் சூரியன் 63 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஹீட்டர் போட்டு அறையை 20 டிகிரியில் வைத்துவிடலாம், ஆனால் ஹீட்டர் வெளிச்சம் தராது.

வெளிச்சம் குறைந்தால் இலை உணவு தயாரிப்பதும் ஆவியாக நீரை வெளியேற்றுவதும் குறையும். மண் குளிர்ந்தால் வேர் நீரை உறிஞ்சுவதும் மந்தமாகும். நம் ஐந்தடி நடைபாதையில் ஓரிரு நாளில் காயும் 15 சென்டிமீட்டர் தொட்டி, அங்கே இரண்டு மூன்று வாரம் ஈரமாகவே கிடக்கும். மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றுவிடுவதால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாது, அதனால் இலை தொங்கும். தொங்கும் இலையைப் பார்த்து தாகம் என்று நினைத்து மறுபடியும் ஊற்றுவார்கள். குளிர்நாட்டில் வீட்டுச் செடிகள் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஆகவே கிழமை கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு சாத்தே குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈர மண் ஒட்டி வந்தால் விட்டுவிடுங்கள். மேல்பாதி நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பாம்புச் செடிக்கும் ஸீஸீ (ZZ) செடிக்கும் மண் முழுவதுமே காய வேண்டும். இவ்விரண்டுக்கும் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை நீர் போதும். குழாய்த் தண்ணீர் அங்கே சில்லென்று வரும். முதல் நாளே பிடித்து அறைக்குள் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஏற்கெனவே அழுக ஆரம்பித்துவிட்டால், ஈர மண்ணோடு அடி இலைகள் மஞ்சளாகும், தண்டின் கீழ்ப்பகுதி கொழகொழக்கும், மண்ணில் நாற்றம் வரும். செடியை வெளியே எடுத்து வேரைக் கழுவி, பழுப்பாகிக் கூழானதையெல்லாம் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி எறியுங்கள். மிஞ்சிய வேருக்குத் தக்க சிறிய தொட்டியில் புது மண்ணில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம், வேர் எட்டாத மண் காயாமல் கிடக்கும். கடையில் விற்கும் செடி மண்ணை அப்படியே போடுவதும் தவறு. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பெர்லைட் (இலேசான வெள்ளைக் கனிமத் துகள்), ஒரு பங்கு ஆர்க்கிட் மரப்பட்டை கலந்தால் நீர் நிற்காது. வேர் எதுவுமே தேறவில்லையென்றால், மணி பிளாண்டுக்கும் மான்ஸ்டெராவுக்கும் கணுவோடு ஒரு துண்டு வெட்டி நீரில் வைத்துக் காப்பாற்றலாம்.

அடுத்து வெளிச்சம். சுங்கை பூலோ நர்சரிகளில் கறுப்பு வலைக்குக் கீழே வளர்வதைப் பார்த்து, இவை நிழல் செடிகள், அறை மூலையில் வைத்தாலும் வளரும் என்று நம்பிவிடுகிறோம். வலை முக்கால்வாசி வெயிலை மறைத்தாலும் மிச்சம் பல்லாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). குளிர்கால அறையில் ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் சில நூறு லக்ஸ் தேறுவதே அரிது. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் அளவியால் நடுப்பகலில் பார்த்தாலே புரியும். துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒப்பிட உதவும்.

எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதை நம்மூரில் யாரும் யோசிப்பதில்லை. அங்கே அதுதான் முக்கியம். பிரிட்டன், அயர்லாந்தில் தெற்கு ஜன்னல். மெல்பர்னில் வடக்கு ஜன்னல். இதை மாற்றி வைத்துவிட்டால் குளிர்காலம் முழுக்க ஒரு கீற்று வெயில்கூட விழாது. தாழ்ந்த சூரியன் இலையைக் கருக்காது என்பதால் கண்ணாடிக்கு அருகிலேயே வைக்கலாம். வசந்தம் வந்து வெயில் ஏறியதும் சற்று உள்ளே இழுத்துவிடுங்கள்.

நல்ல ஜன்னல் இல்லாத மாணவர் அறைக்கு விளக்கு வாங்கித் தருவதுதான் உண்மையான உதவி. ஊதா விளக்கு தேவையில்லை. 20 முதல் 30 வாட் வரை மின்சாரம் இழுக்கும் வெள்ளை எல்இடி, இலையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில், டைமர் போட்டு நாளுக்கு 12 மணி நேரம். 30 வாட் என்றாலும் ஒரு நாளுக்கு 0.36 யூனிட்தான் ஆகும்.

ஜன்னலோரம் என்று சொன்னோமே, அங்கும் இரண்டு ஆபத்துகள் உண்டு. இரவில் திரைச்சீலையை இழுத்து மூடும்போது செடி கண்ணாடிப் பக்கம் மாட்டிக்கொண்டால், அறை கதகதப்பாக இருக்கும்போதே செடி குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும். வெப்பமண்டலச் செடிகள் பலவும் 12 டிகிரிக்குக் கீழே போனால் பாதிக்கப்படும், கண்ணாடியைத் தொடும் இலையில் கருத்த நீர்த்திட்டு விழும். செடியைத் திரைக்கு அறைப் பக்கமாக வையுங்கள், தொட்டிக்கு அடியில் ஒரு தக்கைப் பலகை போடுங்கள். இன்னொன்று, ஜன்னலுக்கு நேர்கீழே, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் பொருத்தும் வழக்கம். அதன் வறண்ட சூட்டில் இலை ஓரம் முறுகும், சிலந்திப்பூச்சி (இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்பூச்சி) பெருகும். அதற்கு மேல் செடி வைக்காதீர்கள்.

காய்ந்த காற்றுக்கு மருந்தாக எல்லோரும் தண்ணீர் தெளிப்பானை எடுக்கிறார்கள். அந்த ஈரம் சில நிமிடத்தில் போய்விடும், குளிர்ந்த இலையில் நீர் தங்கினால் புள்ளி நோய்தான் வரும். செடிகளை நெருக்கி வைப்பதும் காற்றில் ஈரம் சேர்க்கும் சிறிய ஹியூமிடிஃபயரும் பலன் தரும். 50 சதவீத ஈரப்பதம் போதும். 60-ஐத் தாண்டவிட்டால் குளிர்ந்த வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சை படரும். அதிக ஈரக்காற்று கேட்கும் கலாத்தியா செடிக்கு மட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி நல்ல வழி.

உரம்: நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வேண்டாம். மெல்பர்னில் அது மே முதல் ஆகஸ்ட் வரை. வளராத செடி உரத்தை எடுக்காது, உப்பு மண்ணில் தங்கி வேரைச் சுடும்.

கறிவேப்பிலையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், நம் பிள்ளைகள் மனசு உடைவது அதில்தான். குளிரும் இருட்டும் சேர்ந்தால் அது இலையைக் கொட்டிவிடும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெளிச்சமான இடத்தில், ஏறக்குறைய காய்ந்த மண்ணில் விட்டுவிட்டால் வசந்தத்தில் துளிர்க்கும். துளசி குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். விதை எடுத்து வைத்து வசந்தத்தில் விதைப்பதே மேல்.

ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுபோக மட்டும் வேண்டாம். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களை அழிக்கும் பசுமையாக்க நோயைப் பரப்பும் பூச்சி இந்தச் செடியில் வாழும். இதுபோன்ற ஆபத்துகளால்தான் பிரிட்டனுக்குள் செடி கொண்டுபோகத் தாவரநலச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும். அங்கேயே வளர்த்து விற்கும் கன்றை, வசந்தத்தில் (பிரிட்டனில் ஏப்ரல், மே) வாங்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்த இருட்டுக்கு முன் வேர் பிடிக்க ஒரு கோடைக்காலம் முழுதாகக் கிடைக்கும்.