முந்திரி யாவாரத்தை புள்ளைங்க கையில குடுக்கறதுன்னா எப்படி ஆரம்பிக்கறது

பண்ருட்டி பக்கம் முந்திரி யாவாரம் பண்றவங்க நிறைய பேரு "படிச்சி முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுடறாங்க, இருபத்தஞ்சு வயசுல திடீர்னு சாவிக்கொத்தை நீட்டினா அதுங்க முழிக்காம என்ன செய்யும். பத்து வயசுலயே ஆரம்பிங்க, வேலையில இல்ல, கணக்குல.

ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் முழுப்பருப்பு எடை போட்டு எண்ணச் சொல்லுங்க. 220லேந்து 240க்குள்ள வந்தா அந்த தரத்துக்கு பேரு டபிள்யூ 240, 300லேந்து 320 வந்தா டபிள்யூ 320. நம்பர் கம்மின்னா பருப்பு பெருசு, ரேட்டும் ஜாஸ்தி. அப்படியே பாதிப்பருப்பு என்ன விலை, உடைசல் என்ன விலைன்னு பக்கத்துல எழுத வைங்க, உடைக்கும்போது முழுசு போச்சின்னா காசு எங்க போவுதுன்னு அதுவே புடிச்சிக்கும். கொட்டை வாங்கின விலை, கூலி, கரண்ட், வட்டி எல்லாம் அதே நோட்டுல வரணும் (வட்டிய மட்டும் மறைக்கறவங்க ஜாஸ்தி, அதத்தான் மொதல்ல காட்டணும்). உடைக்கிற, வறுக்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பாதீங்க, கொட்டை ஓட்டுல இருக்கற எண்ணெய் பட்டா தோலு வெந்துடும். 14 வயசுக்குள்ள புள்ளைங்க ஸ்கூல் நேரம் போக வீட்டு தொழில்ல ஒத்தாசை பண்ணலாம், ஆபத்தான வேலை கூடாதுன்னுதான் சட்டமும் சொல்லுது.

கொஞ்சம் வளந்ததும் தீபாவளி சமயத்துல அஞ்சு கிலோ பருப்பு குடுங்க, சும்மா இல்ல, கடனா. வித்துட்டு அசலை திருப்பித் தரணும், மாமா வீட்டுக்கு ஓசியில குடுத்துட்டு வந்தா அதையும் நஷ்டத்துல எழுதணும். நீங்க குறுக்க போயி ஈடு கட்டாதீங்க.

பொண்ணை ஒதுக்காதீங்க. இந்து குடும்பத்து பூர்வீக சொத்துல கல்யாணம் ஆவாத பொண்ணுங்களுக்கு தமிழ்நாட்டுல 1989லயே பங்கு வந்துடுச்சி, 2005ல கல்யாணம் ஆனவங்களுக்கும் சேத்து நாடு முழுக்க வந்துச்சி. சட்டம் கெடக்கட்டும், கணக்கு யாருக்கு நல்லா வருதோ அவங்க கல்லாவுல உக்காரட்டும்.

இப்ப பேப்பர் சமாச்சாரம். கடை உங்க ஒருத்தர் பேருல இருந்தா உங்க ஜிஎஸ்டி நம்பர் புள்ளைக்கு வராது, வாரிசு புதுசா எடுக்கணும், மிச்சம் இருக்கற கிரெடிட்டை (சரக்கு வாங்கறப்ப கட்டின வரியில இன்னும் கழிக்காம இருக்கறது) ஐடிசி-02 பாரத்துல மாத்திக்கணும். பார்ட்னர்ஷிப்னா பத்திரத்துல தனியா எழுதலன்னா ஒரு பார்ட்னர் செத்தா ஃபர்மே கலைஞ்சிடும், இது 1932 சட்டம், அதனால "வாரிசோட தொடரும்"னு இன்னிக்கே எழுதிடுங்க, ரெண்டே பேரா இருந்தா புள்ளைய இப்பவே பார்ட்னரா சேத்துடறது நல்லது. மைனரை முழு பார்ட்னரா சேக்க முடியாது, எல்லாரும் ஒத்துக்கிட்டா லாபத்துல மட்டும் சேக்கலாம். 18 ஆனதும் ஆறு மாசத்துக்குள்ள இருக்கேனா விலகறேனான்னு சொல்லணும், வாயத் தொறக்காம இருந்தா பார்ட்னர்தான், சேந்த நாள்லேந்து உள்ள கடனுக்கும் சேத்து பொறுப்பு. உயிலுக்கு ரெண்டு சாட்சி வேணும். பேங்க்ல நாமினி போட்டாச்சேன்னு இருந்துடாதீங்க, நாமினி பணத்தை வாங்கத்தான், சொந்தக்காரர் ஆயிட மாட்டாரு.

எல்லாம் எழுதி முடிச்சாலும் நீங்க நல்லா இருக்கறப்பவே ஒரு சீசன் கொள்முதலை மொத்தமா அவங்க கையில விட்டுடுங்க, செக்குல கையெழுத்து உட்பட. "இந்த வெலைக்கா வாங்கின"ன்னு கேக்கணும்னா சீசன் முடிஞ்சி கேளுங்க, ஆளுங்க முன்னாடி வேணாம்.