ஷேடர் கோப்புகளை ஏஐ ஏஜென்டுக்குப் படிக்கக் கொடுப்பது எப்படி? ஆத்தங்குடித் தரையை வைத்து ஒரு செய்முறை

காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றை கேமுக்குள் கட்டுகிறீர்கள். முகப்பு, வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு எல்லாம் மாடலாகிவிட்டன. வளவுத் தரையின் ஆத்தங்குடிக் கல் மட்டும் அளவுக்கு மீறி மின்னுகிறது. "மினுக்கத்தைக் குறை" என்று ஏஜென்டிடம் (கோப்புகளைப் படித்துத் திருத்தும் ஏஐ உதவியாளர்) சொன்னால் "குறைத்துவிட்டேன்" என்கிறது. ஓட்டிப் பார்த்தால் தரை அப்படியே இருக்கிறது. மேற்பரப்பு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறிமுறைதான் ஷேடர். பெரும்பாலும் அந்தத் தரையைத் தீர்மானிக்கும் நாலைந்து கோப்புகளில் ஒன்றை மட்டும்தான் ஏஜென்ட் படித்திருக்கும். மற்றவற்றையும் அதன் கண்ணில் படவைக்கும் வழியைப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குக் கோடோ 4 என்ற கேம் எஞ்சின். இலவசமாகக் கிடைப்பது, கோப்புகளும் பெரும்பாலும் வெறும் எழுத்துதான்.

படி 1: எங்கே நின்று தொடங்குவது

'ப்ராஜெக்ட் டாட் கோடோ' என்ற கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே ஏஜென்டைத் தொடங்குங்கள். ஷேடருக்குள் வரும் 'ரெஸ்' என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம் அந்த இடத்திலிருந்துதான் கணக்கு. உள்ளே ஒரு துணைக் கோப்புறையில் தொடங்கினால் 'இன்க்ளூட்' வரிகள் (வேறொரு கோப்பை உள்ளே இழுப்பவை) காட்டும் கோப்பு ஏஜென்டுக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைக்காததை அது ஊகித்து எழுதும்.

தொடங்கும் முன் கிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) ஒரு கமிட் போட்டுவிடுங்கள், தவறினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். முதலில் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள்.

படி 2: படிக்கக்கூடிய வடிவில் வையுங்கள்

'ஜிடிஷேடர்', 'ஜிடிஷேடர்இன்க்' என்று முடிபவை சாதாரண எழுத்துக் கோப்புகள். 'டிரெஸ்' (மெட்டீரியல், அதாவது மேற்பரப்பின் அமைப்பு, போன்றவை), 'டிஎஸ்சிஎன்' (காட்சி) இரண்டும் அப்படியே. 'ரெஸ்', 'எஸ்சிஎன்' என்று முடிபவை பைனரி. ஏஜென்டுக்கு அவை மூடிய பெட்டி. எடிட்டரில் திறந்து எழுத்து வடிவில் மறுபடி சேமியுங்கள்.

சில நேரம் ஷேடருக்குத் தனிக் கோப்பே இருக்காது, காட்சிக் கோப்புக்குள் பொதிந்து கிடக்கும். ஏஜென்ட் ஷேடர் கோப்பைத் தேடி, "இந்தத் திட்டத்தில் ஷேடரே இல்லை" என்று சொல்வது இதனால்தான். அதைத் தனிக் கோப்பாகச் சேமித்து, 'ஷேடர்ஸ்' என்ற ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விஷுவல் ஷேடர் (முனைகளை இணைத்து வரைவது) என்றால், அதன் எடிட்டரிலேயே உருவான குறிமுறையைக் காட்டும் பொத்தான் உண்டு. அந்த எழுத்தை எடுத்துக் கொடுங்கள். முனைகளின் எண்களைக் கொண்டு இணைப்புகளைப் பின்தொடர்வதைவிட அது எவ்வளவோ தெளிவு.

படி 3: கிட்இக்னோரைப் பாருங்கள்

பல ஏஜென்டுகள் ரிப்கிரெப் என்ற தேடல் கருவி கொண்டு தேடுகின்றன. கிட்இக்னோரில் (கிட் கவனிக்க வேண்டாதவற்றின் பட்டியல்) உள்ள இடங்களை அது இயல்பாகவே தாண்டிப் போய்விடும். 'ஆட்ஆன்ஸ்' கோப்புறையை அதில் சேர்த்திருந்தால், அங்கே இருக்கும் ஷேடர்கள் தேடலில் வரவே வராது. முழு முகவரியைக் கொடுத்து நேராகப் படிக்கச் சொல்லுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டாம். புள்ளியில் தொடங்கும் 'கோடோ' கோப்புறையில் தற்காலிகக் கோப்புகளோடு, ஏற்றுமதிக் கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பும் இருக்கக்கூடும். அது மூடியே இருக்கட்டும்.

யூனிட்டி என்ற இன்னொரு கேம் எஞ்சினில் இதே சிக்கல் இன்னும் பெரிது. யூஆர்பியின் (யூனிட்டியின் புதிய வரைதல் முறை) சொந்த ஷேடர் நூலகம் 'லைப்ரரி' கோப்புறைக்குள் 'பேக்கேஜ்கேஷ்' என்ற இடத்தில் இருக்கிறது. 'லைப்ரரி' வழக்கமாகக் கிட்இக்னோரில் இருக்கும். நூலகத்தைப் பார்க்காத ஏஜென்ட் பழைய பில்ட்-இன் பைப்லைன் முறையில் எழுதிவிடும், அந்த ஷேடர் போட்ட பொருள் மெஜந்தா நிறமாகும். அன்ரியல் எஞ்சினில் மெட்டீரியல் வரைபடம் 'யூஅசெட்' பைனரியில் இருப்பதால் நேராகப் படிக்க வழியில்லை. 'யூஎஸ்எஃப்', 'யூஎஸ்ஹெச்' கோப்புகளை மட்டும் கொடுக்கலாம்.

படி 4: மதிப்பு எங்கிருந்து வருகிறது

தடுமாற்றம் அதிகம் வருவது இங்கேதான். யூனிஃபார்ம் என்பது வெளியிலிருந்து மதிப்பு ஏற்கும் ஷேடர் மாறி. ஷேடரில் 'ரஃப்னஸ்' (சொரசொரப்பு, கூடினால் மினுக்கம் குறையும்) யூனிஃபார்முக்கு 0.1 என்று இயல்பு மதிப்பு இருக்கலாம். ஆனால் தரையின் மெட்டீரியல் கோப்பில் 'ஷேடர் பாராமீட்டர்' என்ற வரியில் வேறு எண் எழுதியிருந்தால் திரையில் வருவது அந்த எண்தான். ஓடும்போது ஒரு ஸ்கிரிப்ட் 'செட் ஷேடர் பாராமீட்டர்' என்று அழைத்தால், அது மெட்டீரியலையும் மீறும். 'குளோபல்' (திட்டம் முழுவதற்கும் பொது) யூனிஃபார்ம்களின் மதிப்பு ப்ராஜெக்ட் கோப்பிலும், 'இன்ஸ்டன்ஸ்' (ஒவ்வொரு பொருளுக்கும் தனி) யூனிஃபார்ம்களுடையது காட்சிக் கோப்பிலும் இருக்கும். ஏஜென்ட் ஷேடரின் இயல்பு எண்ணை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொன்னபோது தரை மாறாததற்குக் காரணம் இதுவே.

ஆகவே ஷேடர், இன்க்ளூட், மெட்டீரியல், காட்சி, அதைத் தொடும் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் பெயர் சொல்லிக் கொடுங்கள்.

படி 5: குறிப்புக் கோப்பு

மூலக் கோப்புறையில் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' என்று ஏஜென்டுக்கான குறிப்புக் கோப்பு ஒன்று உருவாக்கி, இப்படிச் சில வரிகள் எழுதுங்கள்:

- கோடோ 4, ஃபார்வர்ட் பிளஸ். கோடோ 3 எழுத்துமுறை கூடாது.
- இது ஜிஎல்எஸ்எல் அல்ல. 'ஜிஎல் ஃப்ராக் கலர்' இங்கே கிடையாது.
- 1 அலகு = 1 மீட்டர். கல் 10 அங்குலம், அதாவது 0.254 மீட்டர்.
- தரைக்கு மெட்டாலிக் எப்போதும் 0.

ஃபார்வர்ட் பிளஸ் என்பது கோடோவின் வரைதல் முறை, ஜிஎல்எஸ்எல் என்பது வேறொரு ஷேடர் மொழி. முதல் வரி ஏன்? கோடோ 3-இல் 'ஹின்ட் கலர்' என்றிருந்தது கோடோ 4-இல் 'சோர்ஸ் கலர்' ஆகிவிட்டது. 'ஸ்கிரீன் டெக்ஸ்சர்' என்ற உள்ளமை மாறியும் போய்விட்டது. பழைய எடுத்துக்காட்டுகளில் பயின்ற ஏஐ மாடல்கள் இவற்றை அடிக்கடி எழுதும். நிறப் படத்துக்குச் 'சோர்ஸ் கலர்' விட்டுப்போனால் கல்லின் சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியும்.

அளவைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் ஒரு கல்லை ஒரு மீட்டர் அகலத்துக்கு விரித்துவிடும். 10 அங்குலக் கல் மீட்டருக்கு ஏறத்தாழ 3.94 முறை வர வேண்டும். மெட்டாலிக் வரிக்கும் காரணம் உண்டு. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி வார்க்கிறார்கள், சூளையில் சுடுவதில்லை. அதன் பளபளப்பு கண்ணாடி கொடுத்த வழவழப்பு, உலோகத் தன்மை துளியும் இல்லை. "மினுக்கம்" என்ற சொல்லைக் கேட்டு மெட்டாலிக்கை ஏற்றினால் நிழலில் தரை கறுத்துப்போகும். ரஃப்னஸை 0.3-இல் தொடங்கி ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

படி 6: திருத்த விடும் முன் ஒரு கேள்வி

"இந்த ஷேடரின் எல்லா யூனிஃபார்ம்களையும் வரி எண்ணோடு சொல். ஒவ்வொன்றின் மதிப்பும் எந்தக் கோப்பிலிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். பதிலை எடிட்டரோடு ஒப்பிடுங்கள். ஒரு பெயர் கூடியிருந்தாலோ வரி எண் தவறினாலோ அது கோப்பைச் சரியாகப் படிக்காமல் இருந்திருக்கலாம். முதல் மூன்று படிகளில் எங்காவது அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில் சரியென்றால் திருத்தும் அனுமதி கொடுங்கள், ஒரு தடவைக்கு ஒரு மதிப்பு. ஷேடர் எடிட்டரில் பிழை வந்தால் அதை வரி எண்ணோடு அப்படியே ஒட்டுங்கள். பிழை இன்க்ளூட் கோப்பிலும் இருக்கலாம். பார்க்கும்போது கேமராவை நேர் மேலே வைக்காமல், வளவின் ஓரத்தில் கண் உயரத்தில் நிறுத்தி, முற்றத்து வெயில் எதிரே விழும்படி சாய்வாகப் பாருங்கள். ரஃப்னஸ் 0.3-க்கும் 0.4-க்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோணத்தில்தான் தெரியும்.