மின்விசிறியில் அடிபட்ட கிளி

காலை 7 மணி. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியில் மோதி எங்கள் காக்கடீல் கிளி தரையில் விழுந்தது. இடது இறக்கையில், வளர்ந்துகொண்டிருந்த ஓர் இறகு முறிந்து இரத்தம் சொட்டியது. 90 கிராம் பறவைக்கு உடம்பில் மொத்த இரத்தமே ஏறக்குறைய 9 மில்லிதான். பதறிப்போனேன்.

முறிந்த இடத்தில் மக்காச்சோள மாவை வைத்துப் பஞ்சால் மெல்ல அழுத்தினேன். மார்பை இறுக்கவில்லை. நமக்கு மூச்சிழுக்க உதவும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை பறவைக்குக் கிடையாது, நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு. சில நிமிடங்களில் இரத்தம் நின்றது. துளையிட்ட அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஓரமாக வைத்து, கிளியைப் படுக்கவைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றப்போன பக்கத்து வீட்டு அக்காவைத் தடுத்துவிட்டேன். மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும்.

அருகிலிருந்த மருத்துவமனையில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்களாம். அரை மணி நேரம் வீண். "பறவை பார்ப்பீர்களா?" என்று முதலிலேயே போனில் கேட்டிருக்க வேண்டும். ஆட்டோவை வேப்பேரி, சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் திருப்பினோம். மருத்துவர் முறிந்த இறகை வேரோடு எடுத்தார், எலும்பைத் தடவிப் பார்த்தார், வலிக்கு மருந்து கொடுத்தார்.

மறுநாள் மாலை அது தினை கொறிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.