திருக்கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டை

திருநெல்வேலிச் சீமையில் திருக்கார்த்திகை அன்று அவிக்கப்படும் ஓலைக் கொழுக்கட்டைக்கு நெய்யும் வேண்டாம், பாலும் வேண்டாம். அதன் மணம் ஓலையிலிருந்தே வருவதால், முற்றிய ஓலையைத் தவிர்த்து இளங்குருத்தோலையாகப் பார்த்து வாங்கிக் கழுவித் துடைத்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும்.

2 கோப்பை பச்சரிசி மாவை மணம் வரும்வரை வறுத்து, அதனுடன் வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த பாசிப்பயறு அரைக் கோப்பை, தேங்காய்த் துருவல் 1 கோப்பை, சிறிது சுக்கு, ஏலப்பொடி ஆகியவற்றைக் கலக்கவும்.

இனிப்புக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியே என் தேர்வு. தட்டிய கருப்பட்டி ஒன்றரைக் கோப்பையை முக்கால் கோப்பை நீரில் கொதிக்கவிட்டு, மண் இருக்கும் என்பதால் கட்டாயம் வடிகட்டி, பாகு பதம் வருமுன்பே சூட்டோடு மாவில் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையவும். கையில் பிடித்தால் உருண்டு நிற்பதே பதம், இளகிவிட்டால் ஓலையில் ஒட்டிக்கொள்ளும்.

ஓலையின் மடிப்புக்குள் மாவை நீளவாக்கில் அழுத்தி, மற்றோர் ஓலையால் மூடி, ஓலை நாரால் கட்டி, இட்லிக் கொப்பரையில் 20 முதல் 25 நிமிடம் அவிக்கவும். வெந்துவிட்டால், சற்று ஆறியபின் பிரிக்கும்போது ஓலையின் வரிகள் பதிந்து, கொழுக்கட்டை ஒட்டாமல் கழன்று வரும்.