மீட்டரைத் தாண்டினால் நம் பொறுப்பு: மெயின், நியூட்ரல், எர்த்

போஸ்டிலிருந்து மீட்டர் வரை மின்வாரியம் பார்த்துக்கொள்ளும். மீட்டர் சீலையும் அதற்கு முன்னால் உள்ள கட்டவுட்டையும் (சர்வீஸ் ஃபியூஸ் இருக்கும் கட்டை) நாம் தொடக்கூடாது. ஃபியூஸ் போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். மீட்டரிலிருந்து வெளியே வரும் ஒயர் முதல் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்தே செய்யுங்கள், ஆனால் கூட நின்று பாருங்கள்.

சிங்கிள் பேஸ் வீட்டுக்கு மீட்டரிலிருந்து 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர், பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 32 ஆம்ப் டபுள் போல் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), அடுத்து 40 ஆம்ப், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (பேஸில் போகும் கரண்டுக்கும் நியூட்ரலில் திரும்பும் கரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் விழும் சுவிட்ச்). இந்தக் கடைசிப் பொருளில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். எர்த்தின் தடை 10 ஓம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிரைண்டர் பாடியில் பேஸ் பட்டால் ஓடுவது 230-ஐ 10-ஆல் வகுத்த 23 ஆம்ப். கிரைண்டர் லைனில் உள்ள 16 ஆம்ப் எம்.சி.பி. அதற்கு ஒரு மணி நேரம் கூட விழாமல் நிற்கலாம். அவ்வளவு நேரமும் பாடியில் ஷாக் இருக்கும். ஆர்.சி.சி.பி. கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

"எர்த் சரியில்லை, நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடலாம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மெயினுக்கு முன்னால் அப்படிக் கட்டியிருக்கும்போது போஸ்டில் நியூட்ரல் அறுந்தால், வீட்டுக் கரண்ட் முழுக்க உங்கள் எர்த் குழி வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரிட்ஜ், மோட்டார் என்று எல்லா பாடியிலும் வோல்டேஜ் ஏறும், ஆர்.சி.சி.பி.யும் அதைக் கண்டுகொள்ளாது. இன்வெர்ட்டர் மாட்டும்போது அதன் நியூட்ரலையும் ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் உள்ள நியூட்ரலோடு கலக்கக்கூடாது. கலந்தால் காரணம் தெரியாமல் அடிக்கடி விழுந்துகொண்டே இருக்கும்.

த்ரீ பேஸ் வீட்டில் ஓர் அறையில் லைட் பளிச்சென்று ஏறி, இன்னொன்றில் மங்கினால் நியூட்ரல் கழன்றிருக்கிறது. டிவி கருகும் முன் மெயினை இறக்குங்கள். அலுமினிய சர்வீஸ் ஒயரையும் காப்பரையும் வெறுமனே முறுக்கிய ஜாயின்ட் இதற்குப் பெரும்பாலும் காரணம். இரண்டு உலோகத்தையும் இணைப்பதற்கென்றே உள்ள பைமெட்டல் லக் போட வேண்டும்.

எர்த்துக்கு 40 மி.மீ. ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், அஸ்திவாரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி. மேலூர்ப் பக்கம் பாறை தட்டினால் பைப்பைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி வரை சாய்த்து இறக்கலாம். திருமங்கலம் கரிசலில் வேறு தொல்லை: கோடையில் மண் வெடித்துப் பைப்பை விட்டு விலகிவிடும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது ஆர்.சி.சி.பி.யை மட்டுமே சோதிக்கும், எர்த்தை அல்ல. எர்த்தை எர்த் டெஸ்டர் வைத்து, மண் காய்ந்து கிடக்கும் வைகாசியில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் அளந்தால் மோசமான குழிகூட நல்ல எண் காட்டும்.