தெரியாததை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது எப்படி: குவாண்டம் இயற்பியல் தரும் சில பழக்கங்கள்

அணுவையும் அதனினும் சிறியவற்றையும் ஆராயும் குவாண்டம் இயற்பியலைத் தொழில் தலைமையோடு இணைத்துப் பேசுவோர் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகின்றனர். எலக்ட்ரானுக்குரிய விதிகள் எந்த நிறுவனத்தையும் ஆள்வதில்லை. மனத்தில் நினைத்தால் சந்தை மாறிவிடும் என்று அந்த இயல் எங்கும் சொல்லவும் இல்லை. ஆயினும், முழுமையாக அறிய முடியாத ஒன்றைப் பற்றித் துல்லியமாகப் பேச இயற்பியலாளர்கள் பழகிக்கொண்ட விதம் துணிந்து முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு உதவும். உவமையை உவமையாகவே வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

முதலில், கேட்கும் கேள்வியைத் திருத்துங்கள். இரண்டு மெல்லிய பிளவுகள் கொண்ட தடுப்பின் வழியே துகள்களை ஒரு திரைக்கு அனுப்பிப் பார்ப்பது இரட்டைப் பிளவுச் சோதனை. அதில் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், அவை சேரச் சேர, அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது தோன்றும் குறுக்கீட்டுப் பட்டைகள் திரையில் உருவாகின்றன. எந்தப் பிளவின் வழியே ஒவ்வொன்றும் சென்றது என்று கண்டறிய ஒரு கருவியைப் பொருத்தினால் அப்பட்டைகள் மறைந்துவிடுகின்றன. எதை அளக்க ஏற்பாடு செய்கிறோமோ அதற்கேற்ற விடைதான் கிடைக்கிறது. வாராந்திர ஆய்வுக் கூட்டத்தில், "மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும் அல்லவா?" என்று தலைவர் கேட்கிறார். எதிரில் இருப்பவர் கையிலுள்ள தாளை ஒரு கணம் பார்த்துவிட்டு, "முடிந்துவிடும்" என்கிறார். அந்த ஒரு கணத் தயக்கத்தில் இருந்த செய்தி அதோடு போயிற்று. "தாமதமானால் எதனால் ஆகும்?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாமல் இருங்கள். முதலில் வரும் கெட்ட செய்திக்கு உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பொறுத்தே இரண்டாவது செய்தி உங்களிடம் வந்து சேரும்.

அடுத்து, உங்களுக்குத் தெரியாதவற்றை ஒரு தாளில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். 1927-இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் முன்வைத்த நிச்சயமின்மைத் தத்துவத்தின்படி, ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் (நிறையும் வேகமும் சேர்ந்த அளவு) ஒருசேரத் துல்லியமாகச் சொல்ல முடியாது; இது கருவியின் குறையன்று, இயற்கையே வகுத்த எல்லை. தொழிலில் "நிச்சயமில்லை" என்று நாம் ஒத்திப்போடுபவற்றில் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. வாடிக்கையாளர் நால்வரிடம் தொலைபேசியில் பேசினால் தெளிந்துவிடக்கூடியவை முதல் பத்தியில் இருக்கட்டும். அவற்றை முடிக்காமல் துணிச்சலைப் பற்றிப் பேசுவது வெறும் சோம்பல் என்பேன். எவ்வளவு விசாரித்தாலும் தெரியவராதவை மட்டும் இரண்டாவது பத்திக்குரியவை.

தாளின் அந்த இரண்டாவது பத்திக்கு இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் 1926-இல் காட்டிய வழி ஒன்று உண்டு. ஒரு துகளின் நிலையை விவரிக்கும் கணிதக் கோவையான அலைச் சார்பு தருவது உறுதியான விளைவை அன்று, நிகழ்தகவை என்றார் அவர். நீங்களும் முடிவெடுக்கும் நாளிலேயே "வெற்றி வாய்ப்பு 60 விழுக்காடு, தோற்றால் இழப்பு இவ்வளவு, அதைத் தாங்க முடியும்" என்று தேதியிட்டு எழுதி வையுங்கள். ஒரே ஒரு விளைவை வைத்து அந்த 60 சரியா தவறா என்று தீர்ப்பளிக்க இயலாது. இருபது முப்பது முடிவுகள் சேர்ந்த பின்னரே உங்கள் கணிப்பின் தரம் தெரியவரும்.

இரண்டு வழிகளையும் சில காலம் திறந்து வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு துகள் பல நிலைகளின் கலவையாக இருக்கும் குவாண்டம் மேற்பொருந்துநிலை சுற்றுப்புறத்தோடு உறவாடும்போது மிக விரைவில் குலைந்துவிடும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அலுவலகத்திலும் நீங்கள் அறிவிக்கத் தயங்கும் முடிவை வதந்தி உங்களுக்கு முன்பே எடுத்துவிடும். ஆகவே திறந்து வைக்கும்போதே மூடும் தேதியையும் சொல்லிவிடுங்கள்.

துணிவு என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருபவர் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க். சூடான பொருள் வெளியிடும் கதிர்வீச்சின் அளவீடுகளுக்குப் பொருந்தும் சமன்பாட்டை விளக்க, ஆற்றல் துண்டு துண்டாகவே பரிமாறப்படுகிறது என்ற கருதுகோளை அவர் 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் முன்வைத்தார். அதற்காக, தாம் நெடுங்காலம் ஏற்க மறுத்த, அணுத்திரளின் நடத்தையை நிகழ்தகவால் கணக்கிடும் இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் புள்ளியியல் முறையையே கைக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னாளில் ஒரு கடிதத்தில் இதை நம்பிக்கையிழந்த நிலையில் செய்த செயல் என்றே குறிப்பிட்டார். அடுத்த பெரிய முடிவுக்கு முன், உங்கள் கருத்தை இடைவிடாது எதிர்த்துவரும் சக ஊழியரிடம் அதே புள்ளிவிவரங்களைக் கொடுத்து, அவருடைய முறைப்படியே கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். விடை உங்களுடையதிலிருந்து வேறுபட்டால், அதைக் கூட்டத்தில் வாசிப்பவர் நீங்களாகவே இருங்கள்.